பொக்கோஜி: குளிர்மேட்டில் ஓர் ஒரோமோ ஊர்

எதியோப்பியா என்றதும் எம்மவருட் பெரும்பாலோரின் மனக்கண்ணில் இன்றும் எழுவது 1984, 1985ஆம் ஆண்டுகளின் பஞ்சக் காட்சியே. வெடித்த நிலமும், எலும்புந் தோலுமான குழந்தைகளும், வரிசையில் நின்ற தாய்மாரும் அன்று தொலைக்காட்சிகளில் ஓயாது காட்டப்பட்டனர். அக்காட்சி பொய்யன்று. ஆயினும் அது அந்நாட்டின் வடபாகத்தில், வொல்லோ, திக்ரே, அன்று எதியோப்பியாவுடன் இணைந்திருந்த எரித்திரியா ஆகிய பகுதிகளைப் பெரிதும் வாட்டிய கொடுமையாகும். அதே நாட்டின் தெற்கே பச்சைப் போர்வை போர்த்த மேட்டுநிலங்களும் உள. அவற்றுள் ஒன்று ஆர்சி. வாற்கோதுமை எனப்படும் பார்லியும் கோதுமையும் கண்ணுக்கெட்டிய தூரம் விளையும் அந்நிலத்தின் நடுவே உள்ள பொக்கோஜி என்னும் சிற்றூரைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம்.

ஏன் இவ்வூர் என்று வாசகர்கள் வினவலாம். எமது அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், தொழிற்சாலைகளின் இரவு வேலையிலும், மொழி வகுப்புகளிலும் எம்மோடு பழகும் 'எதியோப்பியர்' பலர், நட்புச் சற்று முதிர்ந்த பின்னர், தாம் ஒரோமோ இனத்தவர் என்று கூறுவதுண்டு. எதியோப்பியாவில் மிகப் பெரிய மக்களினம் அவர்களே. 2007ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கும் சற்று மேலானோர் ஒரோமோக்கள். இருந்தும் அவர்களது பெயரை வெளியுலகம் அறிந்தது மிகப் பிந்தியே. ஒரு மக்களை அறிந்துகொள்ள அவர்களது நாட்டின் தலைநகரைக் காட்டிலும் ஒரு சிற்றூரே நன்கு உதவும் என்பது எமது எண்ணம்.

தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து பொக்கோஜி ஏறத்தாழ 220 கிலோ மீற்றர் தொலைவிலுள்ளது. அப்பயணத்திலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. தலைநகரை ஒரோமோக்கள் தம் மொழியில் ஃபின்ஃபின்னே என்பர். அங்கிருந்து புறப்பட்டால் முதலில் வருவது பிஷோப்து. பேரரசர் ஹெயிலி செலாசியின் காலத்தில் அதன் பெயர் டெப்ரெ செய்த் என்று மாற்றப்பட்டது. அடுத்து வரும் பெருநகர் அடாமா. அதற்கும் அதே பேரரசரின் காலத்தில், இயேசுநாதரின் ஊரை நினைவூட்டும் வண்ணம், நஸ்ரெத் என்ற பெயர் சூட்டப்பட்டது. இரு நகரங்களும் பின்னாளில் தம் பழைய பெயர்களை மீளப் பெற்றன. ஒரே பாதையில் இரு பெயர்ப்பலகைகள் மாற்றப்பட்டு, மீண்டும் மாற்றப்பட்ட கதையை எம்மவருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடாமாவில் தெற்கே திரும்பும் வீதி, அவாஷ் ஆற்றைக் கடந்து மேலேறி, ஆர்சியின் தலைமை நகரான அசெல்லாவை அடைகிறது. அதற்கப்பால் சிலாலோ மலையின் அடிவாரத்தை ஒட்டிச் சென்றால் பொக்கோஜி. சிலாலோவின் சிகரம் 4,000 மீற்றருக்கும் மேலானது. ஊரோ ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. இலங்கைத் தீவின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர் என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். எம் தீவின் உச்சியிலும் பார்க்க உயரத்தில் மக்கள் உழுது, விதைத்து, சந்தை கூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கின்றனர். அங்கே ஒரு மூச்சில் உள்ளே செல்லும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் பத்தில் ஏழு பங்கு அளவே. இரவில் உறைபனியும் விழும். பூமத்திய ரேகைக்கு அண்மித்த நாடாயிற்றே, ஆபிரிக்காவாயிற்றே என்று மெல்லிய ஆடையுடன் செல்பவர் நடுங்கியே திரும்புவர்.

ஊரின் தோற்றம் எளியது. பெருவீதி ஒன்று, அதன் இருமருங்கும் கடைகள், அவற்றின் பின்னே மண்ணும் வைக்கோலும் குழைத்து மரச்சட்டங்களின்மேற் பூசிய சுவர்களும் தகரக் கூரைகளுமாக வீடுகள். 1994இல் பத்தாயிரத்துக்கும் குறைவானோர் வாழ்ந்த ஊரில், 2007இல் ஏறத்தாழப் பதினேழாயிரம் பேர் வாழ்ந்தனர். வீடுகளைச் சுற்றியும் வயல் வரம்புகளிலும் யூக்கலிப்டஸ் மரங்கள் நெடிதுயர்ந்து நிற்கின்றன. இவை அந்நாட்டுக்குரியன அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெனெலிக் பேரரசரின் காலத்தில், அவுஸ்திரேலியாவின் இம்மரம் எதியோப்பியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று வீட்டுக்குச் சட்டமும் அடுப்புக்கு விறகும் அதுவே. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அறிஞர் குறை கூறினாலும், அதை வெட்டியெறிந்துவிட்டு அடுப்பெரிக்க வழி யாது என்பதை அவ்வறிஞர் கூறக் காணோம்.

பொதியேற்றவும் ஆளேற்றவும் குதிரை வண்டிகள் ஓடுகின்றன. ஆர்சி ஒரோமோக்கள் குதிரையேற்றத்திற் பெயர் பெற்றவர்கள். மணவிழாவிலும் இழவிலும் குதிரைகள் அணிவகுப்பதுண்டு. அண்மைக் காலத்தில் இக்குதிரை வண்டிகளுக்குப் போட்டியாக முச்சக்கர வண்டிகள் வந்துவிட்டன. இந்தியாவில் உருவான அவ்வண்டிக்கு எதியோப்பியா எங்கும் வழங்கும் பெயர் 'பஜாஜ்' என்பதே. தயாரித்த நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது.

நேரங் கேட்பதிலும் ஒரு சிறப்புண்டு. அங்கே நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரியன் எழும்போதே தொடங்குகிறது. எமது கடிகாரத்தின் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. எமது காலை ஆறு மணி அவர்களுக்குப் பன்னிரண்டு. உதயம் முதல் நாழிகை எண்ணிய எம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும். கைக்கடிகாரம் கட்டிய எமக்குத்தான் குழப்பம்.

இனி உணவு. பார்லியின்றி இவ்வூர் இல்லை. பார்லியை வறுத்துக் கைநிறைய அள்ளி மெல்லுவர். வறுத்து இடித்த மாவை நீரிற் கரைத்துக் குடிப்பர். அம்மாவை வாசனைத் திரவியங்கள் இட்டு உருக்கிய வெண்ணெயிற் பிசைந்து 'சூக்கோ' என்னும் பண்டமாக்குவர். வழிப்பயணத்துக்கும் விருந்தினர்க்கும் உரியது சூக்கோ. பிள்ளை பெற்ற தாய்க்கு 'மார்கா' என்னும் களியை இறுகக் கிண்டி, நடுவே குழி செய்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றிக் கொடுப்பர். ஒடியற் கூழும் உழுத்தங்களியும் உண்டு வளர்ந்த எமக்கு இவ்வுணவு அந்நியமாகத் தோன்றாது.

கோப்பியை ஒரோமோக்கள் 'புனா' என்பர். கோப்பிச் செடியின் பூர்வீகம் எதியோப்பியாவின் காடுகளே என்பது யாவரும் அறிந்தது. ஆனால் கோப்பியைக் குடிப்பதோடன்றி உண்பதும் ஒரோமோ வழக்கம் என்பதை எம்மிற் பலர் அறியார். 'புனா கலா' எனப்படும் முறையில் கோப்பிப் பழங்களை வெண்ணெயில் வாட்டி உண்பர். அது பசியாற்ற மட்டுமன்று. வழிபாட்டுக்கும் வாழ்த்துக்கும் உரியது. அயலவர் இல்லாமற் கோப்பி காய்ச்சுவது அங்கே குறையாகக் கருதப்படும். ஒருவரையொருவர் காணும்போது நலம் விசாரிப்பதும் எளிதில் முடிவதில்லை. வீடு, பிள்ளைகள், மாடுகள் என ஒவ்வொன்றையும் விசாரிக்க, ஒவ்வொன்றுக்கும் 'நகா' என்று மறுமொழி வரும். நகா என்பதன் பொருள் அமைதி.

அமைதியை இவ்வளவு விசாரிக்கும் அம்மக்களுக்கு அது எளிதில் வாய்த்ததில்லை. மெனெலிக்கின் படைகள் ஆர்சியை அடக்க 1880களில் ஆண்டுக்கணக்காகப் போரிட வேண்டியிருந்தது. ஈட்டியும் குதிரையும் கொண்டு எதிர்த்தவர்கள் ஐரோப்பியத் துப்பாக்கிகளின் முன் 1886இல் வீழ்ந்தனர். வென்ற படையினருக்கும் அதிகாரிகளுக்கும் ஆர்சியின் நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. சொந்த நிலத்தில் ஒரோமோ குடியானவன் குத்தகைக்காரன் ஆனான். விளைச்சலில் பெரும்பங்கை நிலவுடைமையாளனுக்கு அளந்தான். அதற்கு மேலும் அவனது வீட்டில் ஊழியஞ் செய்தான்.

1967இல் சுவீடன் நாட்டின் உதவியுடன் அசெல்லாவைத் தலைமையிடமாகக் கொண்டு சிலாலோ வேளாண் அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. நல்லின விதை, உரம், கடன், கறவை மாடு என யாவும் ஏழைக் குடியானவனுக்கே என்பது அதன் நோக்கம். நோக்கம் தூயது, விளைவு வேறு. விளைச்சல் பெருகியதும் நிலவுடைமையாளருக்கு ஆசை பெருகியது. உழவு இயந்திரங்களை வாங்கினர். தாமே பயிரிடத் தலைப்பட்டனர். குத்தகைக்காரர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றினர். எவரை உயர்த்த வந்ததோ அவரையே அத்திட்டம் வீதியில் விட்டது. நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தொடாமல் விதையை மாத்திரம் கொடுக்கும் எந்த உதவிக்கும் இக்கதி நேரும் என்பதற்கு ஆர்சியிலும் சிறந்த சான்றை நாம் அறியோம்.

1974இல் பேரரசர் வீழ்ந்தார். 1975 மார்ச்சில் இராணுவ அரசு நிலம் முழுவதையும் பொதுவுடைமையாக்கிக் குத்தகை முறையை ஒழித்தது. ஆர்சிக் குடியானவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பத்தாண்டு கழிந்து, 1985இலும் 1986இலும் அதே அரசு, சிதறி வாழும் மக்களை ஒன்றுதிரட்டிப் புதுக் கிராமங்களில் குடியேற்றப் போவதாக அறிவித்தது. ஹரார்கேயிலும் ஆர்சியிலும் இலட்சக்கணக்கானோர் தம் வீடுகளைத் தாமே பிரித்து, மரங்களையும் கூரையையும் சுமந்து சென்று, அதிகாரிகள் வரைந்த நேர்கோட்டில் வரிசையாக நாட்ட நேர்ந்தது. வயல் ஓரிடம், வீடு வேறிடம். மாடு கட்ட இடமில்லை. தண்ணீருக்கு நெடுந்தூரம். பள்ளியும் மருத்துவமனையும் வருமென்ற வாக்குறுதி பெரும்பாலும் வாக்குறுதியாகவே நின்றது. ஹரார்கேயிலிருந்து பல்லாயிரவர் எல்லை கடந்து சோமாலியாவில் அகதிகளாயினர். 1990 மார்ச்சில் அரசு தன் பொருளாதாரக் கொள்கையைத் தளர்த்தியதும், மக்கள் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அந்த நேர்கோட்டு வீடுகளை மீண்டும் பிரித்தெடுத்துக்கொண்டு தம் பழைய காணிகளுக்குத் திரும்பினர்.

மொழியின் கதைக்கு வருவோம். பேரரசரின் காலத்தில் ஒரோமோ மொழியைப் பள்ளியிற் கற்பிக்கவோ, நீதிமன்றிற் பேசவோ, அச்சிடவோ இடமிருக்கவில்லை. ஒரோமோ மொழி மட்டும் அறிந்த ஒருவர் தம் வழக்கையே மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இராணுவ அரசின் எழுத்தறிவு இயக்கம் அம்மொழிக்குச் சிறிது இடமளித்தது. ஆனால் பள்ளிக் கல்வி அம்ஹார மொழியிலேயே நடந்தது.

எழுத்து வடிவத்திலும் ஒரு சிக்கல். அம்ஹார மொழிக்குரிய கீயெஸ் எழுத்தில் உயிரொலிகள் ஏழு. ஒரோமோவில் குறில் ஐந்து, நெடில் ஐந்து. அ, இ, உ, எ, ஒ என்ற எமது ஐந்து குறில்களும் அவற்றின் நெடில்களும் அங்கேயும் உண்டு என்பது வியப்பளிக்கும் ஒற்றுமை. 'ஹர' என்றால் ஏரி. 'ஹாரா' என்றால் புதியது. மெய்யொலி இரட்டித்தாலும் பொருள் மாறும். 'பதா' என்பது தீயது. 'பத்தா' என்பது மேட்டுநிலம். கீயெஸ் எழுத்தில் இவ்வேறுபாடுகள் மறைந்துவிடும். குறிலையும் நெடிலையும் ஒன்றாக எழுதினால் தமிழ் என்னவாகும் என்று சற்றே கற்பனை செய்து பார்த்தால் அவர்களது இடர் விளங்கும்.

ஹரார்கேயைச் சேர்ந்த ஷேக் பக்ரி சபாலோ என்னும் அறிஞர் 1956இல் ஒரோமோவுக்கென்றே ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். அது மக்களிடையே பரவுவதைக் கண்ட ஆட்சியாளர் அதனைத் தடுத்தனர். அவரையும் கட்டுப்பாட்டில் வைத்தனர். பின்னர் சோமாலியாவுக்குத் தப்பிச் சென்ற அவர், 1980இல் அங்கே ஓர் அகதி முகாமில் காலமானார். ஒரு மொழிக்கு எழுத்துச் செய்தவரின் முடிவு அது.

1991 மே மாதத்தில் இராணுவ ஆட்சி கவிழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் அடிஸ் அபாபாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒரோமோ கல்வியாளர் கூடி, இலத்தீன் எழுத்தைத் தம் மொழிக்கு ஏற்றனர். 'குபே' எனப்படும் அவ்வெழுத்திலேயே இன்று பொக்கோஜியின் பிள்ளைகள் முதலாம் வகுப்பிற் கல்வி தொடங்குகின்றனர். பெற்றோர் எழுதப் படிக்கக் கற்றிருந்தால் அது அம்ஹார எழுத்தில். பிள்ளைகள் கற்பது குபேயில்.

குபே ஏற்கப்பட்டு ஒன்பது மாதங்கள் கழிந்தன. 1992 ஓகஸ்ட் 7ஆம் நாள், பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில் பெண்களுக்கான 10,000 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. பொக்கோஜியைச் சேர்ந்த இருபது வயதுப் பெண் ஒருத்தி இறுதிச் சுற்றில் எல்லோரையும் பின்தள்ளி வென்றாள். பெயர் டெரார்த்து துலு. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதலாவது ஆபிரிக்கக் கறுப்பினப் பெண் அவரே. வெற்றிக்கோட்டைக் கடந்தபின் அவர் ஓடிவிடவில்லை. இரண்டாவதாக வந்த தென்னாபிரிக்க வெள்ளையினப் பெண்மணி எலனா மேயருக்காகக் காத்து நின்று, அவருடன் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார். அந்தப் படத்தைக் கண்டவர் பலர். அந்தப் பெண்ணின் தாய்மொழி அந்நாட்டுப் பள்ளிகளில் அப்போதுதான் நுழையத் தொடங்கியிருந்தது என்பதை அறிந்தவர் சிலர். 'டெரார்த்து' என்பது மலர்தலைக் குறிக்கும் ஒரோமோச் சொல். 'துலு' என்றால் குன்று. துலு என்பது தந்தையின் பெயர்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரோமோக்களுக்கும் எம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்துத் தந்தை பெயர், அவ்வளவே. இந்நாட்டு விண்ணப்பப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் பேனாவை வைத்துக்கொண்டு திகைக்கும் இன்பம் எமக்கு மட்டும் உரியதன்று.

டெரார்த்துவுக்குப் பின் அணை உடைந்தாற்போல் வெற்றிகள் வந்தன. 1996இல் அட்லாண்டாவில் பாத்துமா ரோபா மரதன் ஓட்டத்தில் வென்றார். ஒலிம்பிக் மரதனில் வென்ற முதல் ஆபிரிக்கப் பெண் அவர். 2000இல் சிட்னியில் டெரார்த்து மீண்டும் வென்றார். 2004இல் ஏதென்சில் கெனெனிசா பெக்கெலே. 2008இல் பீஜிங்கில் ஆண், பெண் இருபாலாருக்குமான 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்கள் நான்கிலும் தங்கம் கெனெனிசாவுக்கும் திருனெஷ் டிபாபாவுக்குமே. இருவரும் இவ்வூரவர். 2012இல் இலண்டனில் திருனெஷ் மீண்டும் ஒரு தங்கம். இருபது ஆண்டுகளில் நால்வர் வென்ற ஒன்பது தங்கப் பதக்கங்கள். எம் தாய்நாடு இருக்கும் இலங்கைத் தீவு 2024 வரையில் ஒலிம்பிக்கில் ஒரு தங்கமேனும் பெற்றதில்லை.

இதற்குக் காரணந் தேடி ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் பொக்கோஜிக்குப் படையெடுத்தனர். உயரம் என்றனர், பார்லி உணவு என்றனர், பள்ளிக்கு ஓடிச்செல்லும் பிள்ளைகள் என்றனர், வறுமை என்றனர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவ்விளக்கங்கள் எமக்கு நிறைவளிக்கவில்லை. எதியோப்பியாவில் இதே உயரத்தில், இதே வறுமையில், இதே பார்லியை உண்ணும் ஊர்கள் வேறும் பல உள. அவற்றின் பெயரை எவர் அறிவர்? பொக்கோஜிக்குக் கிடைத்தது ஓர் ஆசிரியர். செந்தாயெஹு எஷெத்து என்னும் அவர் ஒரோமோ நாட்டின் கிழக்கேயுள்ள ஹரார் நகரிலிருந்து ஆரம்பப் பள்ளியொன்றுக்கு உடற்பயிற்சி ஆசிரியராக வந்தவர். வேகமாக ஓடும் பிள்ளைகளைக் கண்டார், குறித்து வைத்தார், விடியற்காலையில் எழுப்பி யூக்கலிப்டஸ் மரங்களினூடே ஓடவிட்டார். டெரார்த்து, கெனெனிசா, திருனெஷ் மூவரும் அவர் கைபட்டவர்களே. சம்பளத்துக்கு மேல் அவருக்குக் கிடைத்தது பெரிதாக ஒன்றுமில்லை. 2012இல் இவ்வூரைப் பற்றி ஆவணப்படம் ஒன்று வெளிவந்த பின்னரே அவரது முகத்தை உலகம் பார்த்தது. உயரத்தையும் உதிரத்தையும் அளப்பவர்கள் ஓர் ஆசிரியரின் பொறுமையை எக்கருவியால் அளப்பர் என்பது தெரியவில்லை.

இவ்வூரில் ஓட்டத்தின் பொருள் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு வேறொன்று. ஆண் பிள்ளை தோற்றால் வயலுக்குத் திரும்புவான். அல்லது பஜாஜ் ஓட்டுவான். பெண் பிள்ளைக்கு ஓட்டம் என்பது திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும் நியாயமான காரணம். திருனெஷ் 2000ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதையொட்டி, படிப்பதற்காகத் தலைநகருக்கு அனுப்பப்பட்டவர். சென்றபோது பள்ளிச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஊர் திரும்பினால் கல்யாணப் பேச்சு எழும். அங்கிருந்த உறவினரின் வற்புறுத்தலால் அவர் ஓட்டப் பயிற்சியில் இறங்கினார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அவருடைய தமக்கை எஜிகயெஹுவும் தங்கை கென்சிபேயும் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்கள். டெரார்த்து அவர்களுக்கு உறவுமுறையில் சகோதரி.

ஆயினும் ஓட்டம் வருமுன்னரும் ஆர்சிப் பெண்கள் கைகட்டி நிற்கவில்லை. மணமாகும் நாளில் ஒரோமோ மகளுக்குத் தாய் 'சீக்கே' என்னும் கோலைக் கொடுப்பாள். கணவன் எல்லை மீறினால் அவள் குரலெழுப்புவாள். அதைக் கேட்ட அயற்பெண்கள் அடுப்பையும் அகப்பையையும் விட்டுத் தத்தம் சீக்கேயுடன் வந்து கூடுவர். கோலேந்திய பெண்களின் அணியை ஆண்மகன் எவனும் ஊடறுத்துச் செல்லலாகாது. பெரியோர் வந்து நியாயம் பேசி, குற்றவாளி மன்னிப்புக் கேட்கும்வரை அவர்கள் வீடு திரும்பார். இதைப் பற்றி 1990களில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர், எதியோப்பியச் சிறையில் ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துப் பின் கனடாவுக்கு அகதியாக வந்த ஊடகவியலாளரான மார்த்தா குவே கும்சா.

கோல் இருந்தும் வறுமை வெளியே தள்ளத்தான் செய்கிறது. ஆர்சியின் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றுள்ளனர். 2013 நவம்பர் தொடக்கம் சில மாதங்களுக்குள் சவூதி அரேபியா ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட எதியோப்பியரைத் திருப்பி அனுப்பியது. கையில் ஒரு பொட்டலத்துடன் விமானத்தால் இறங்கியவர்களுள் ஆர்சிப் பெண்களும் இருந்தனர். பதக்கத்துடன் இறங்குவோருக்கு விமான நிலையத்தில் மாலை விழுகிறது, இவர்களுக்கு விழவில்லை. இரு சாராரும் அதே பார்லி வயல்களிலிருந்து புறப்பட்டவர்களே.

வயல் மட்டும் என்ன நிலையாக நின்றதா? அசெல்லாவில் 1984இல் நிறுவப்பட்ட மோல்ட் ஆலை பார்லியை வாங்கத் தொடங்கியது. 2010க்குப் பின் ஐரோப்பிய மதுபான நிறுவனங்கள் எதியோப்பிய ஆலைகளை வாங்கி, ஆர்சி விவசாயிகளுக்குப் புதிய பார்லி இனங்களைக் கொடுத்தன. தாம் ஒரு துளியும் அருந்தாத பானத்துக்காக முஸ்லிம் விவசாயிகளும் விளைவிக்கின்றனர். விலை முன்னிலும் நன்று. ஆனால் சூக்கோவுக்குரிய பழைய பார்லி இனங்களின் நிலம் சுருங்குகிறது. கோதுமைக்கும் சோதனை வந்தது. பெருமளவில் விதைக்கப்பட்ட டிகெலு என்னும் இனத்தை 2013, 2014ஆம் ஆண்டுகளில் தண்டுத் துருநோய் தாக்கிப் பேலே, ஆர்சி வயல்களைப் பாழாக்கியது.

அரசியற் காற்றும் வீசாமல் விட்டதில்லை. 2014 முதல் 2018 வரை ஒரோமியா எங்கும் கிளர்ச்சிகள் நிகழ்ந்தன. 2016 ஒக்ரோபர் 2ஆம் நாள், நாம் மேலே குறிப்பிட்ட பிஷோப்துவின் ஏரிக்கரையில் நன்றித் திருநாளுக்குக் கூடிய கூட்டத்தின்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட, நெரிசலில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று அரசே ஏற்றுக்கொண்டது. 2020 ஜூன் 29ஆம் நாள் பாடகர் ஹச்சாலு ஹுண்டேசா சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த வன்செயல்களில் ஆர்சிப் பகுதியிலும் கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அம்முறை பாதிக்கப்பட்டவர்களுள், தலைமுறைகளாக ஒரோமோக்களின் அயலில் வாழ்ந்த வேற்று மொழியினரும் வேற்றுச் சமயத்தவரும் அடங்குவர். இதனையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வென்றவர்கள் பொக்கோஜியில் தங்குவதில்லை. பயிற்சி முகாம், கழகம், முகவர், வெளிநாட்டு விமானம் யாவும் தலைநகரில். கெனெனிசா அடிஸ் அபாபாவில் விடுதி கட்டினார்; அதற்கு அண்மையிலுள்ள சுலுல்டாவில் ஓடுபாதை அமைத்தார். அவரை நாம் குறை கூறவில்லை; பிழைப்பு எங்கோ அங்கேதான் முதலீடும். ஊரில் எஞ்சியிருப்பது திடலும், அதற்கு வரும் பிள்ளைகளும், தாய் தந்தையரின் கணக்கும். ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்குவதா, அடுத்த விதைப்புக்கு உரம் வாங்குவதா என்பதே அக்கணக்கு. பெரும்பாலும் உரமே வெல்கிறது. பிள்ளையோ தமக்கையின் பழைய சப்பாத்தைத் தைத்துப் போட்டுக்கொண்டு, மறுநாட் காலை அவர்களது மணிக்குப் பன்னிரண்டடிக்க முன், பனி படிந்த புல்லின்மேல் வந்து நிற்கின்றாள்.